குவார்ட்ஸ் கிச்சன் மேடை... அறுப்பவரின் மூச்சுக்கு என்ன விலை?

மாடுலர் கிச்சனுக்கு குவார்ட்ஸ் மேடை போடலாம்னு இருக்கீங்களா? அந்தச் செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடை செய்துவிட்டது. உலகிலேயே முதல் நாடு!

காரணம், கல்லில் 90 சதவிகிதம்வரை இருக்கும் சிலிக்கா. சமைக்கிற உங்களுக்குப் பிரச்னை இல்லை, அறுக்கிறவருக்குத்தான். பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தழும்பாகிவிடும். பெயர் சிலிகோசிஸ். குணமாகாது.

கொடுமை என்னன்னா, இருமலோடு போகும் தொழிலாளிக்கு நம்ம ஊரில் பல நேரம் டி.பி மாத்திரைதான் கிடைக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். 'என்ன வேலை பார்க்கறீங்க?' என்று டாக்டர் கேட்டால்தான் குட்டு உடையும்.

கர்ச்சீப் கட்டினால் இந்தத் தூசி நிற்காது. தண்ணீர் பாய்ச்சி அறுத்தால் பெருமளவு அடங்கும். கிரானைட்டுக்கும் இதேதான். ஆர்டர் கொடுக்கும்போதே, ‘தண்ணி விட்டுத்தானே அறுப்பீங்க?’ன்னு கேட்டுடுங்க.