நாட்டுக்கோழிக்கு எதுக்கு ஊசி என்கிறவர்களுக்கு

"நாட்டுக்கோழிக்கு எந்த நோயும் அண்டாதுங்க. ஊசியெல்லாம் பிராய்லருக்குத்தான்." நம்ம கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் கொட்டகையைக் காலி செய்தவர்கள் இப்படிப் பேசுவதில்லை. மேரக்ஸ் நோயிலும் இந்தப் பேச்சு எடுபடாது. ஆனால் அந்த நோயின் பெயரே நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் பேச்சு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

நோயைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ரெண்டு, மூணு மாசக் கோழி திடீரென நொண்டும். பிறகு ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே நீட்டிப் படுத்துவிடும். "வாதம் அடிச்சிருச்சு" என்று சுண்ணாம்புச்சத்து கொடுப்போம், எண்ணெய் நீவிவிடுவோம். எழுந்திருக்காது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் ஒரு பக்கத் தொடை நரம்பு மட்டும் தடித்திருக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் வெளுத்த கட்டிகள் இருக்கும். அது வாதம் இல்லை, புற்றுநோய். அதை உண்டாக்குவது ஒரு ஹெர்பீஸ் வைரஸ். (மனிதருக்கு இதனால் நோய் வருவதாக ஆதாரம் இல்லை, பயப்பட வேண்டாம்.)

1907ல் ஹங்கேரி நாட்டு கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக், கால் விழுந்த நான்கு சேவல்களைப் பார்த்து இதை முதலில் எழுதினார். காரணம் ஹெர்பீஸ் வைரஸ்தான் என்பது 1967ல்தான் தெரிந்தது. இந்த வைரஸ் குடும்பத்துக்கே ஒரு குணம் உண்டு. உள்ளே வந்தால் போகாது. கோழி மூச்சில் இழுத்த தூசியோடு நுரையீரலுக்குப் போய், முதல் வாரத்திலேயே எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளை அணுக்களைத் தாக்கும். பிறகு சத்தமில்லாமல் அதே அணுக்களுக்குள் பதுங்கிக்கொள்ளும். கோழியின் குரோமோசோம் நுனியிலேயே தன் மரபுப் பொருளை ஒட்டவைத்துக்கொள்ளும். சில கோழிகளில் அந்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகிக் கட்டியாகும். பல கோழிகளில் ஒன்றும் தெரியாது. ஆனால் சுமார் ரெண்டு வாரம் கழித்து இறகுக்கால் வழியாக வைரஸ் வெளியேறத் தொடங்கும். பொடுகோடும் இறகுத்தூசியோடும் கலந்து, அந்தக் கோழி உயிரோடிருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். கொட்டகைத் தூசியில் அது மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். முட்டை வழியாகப் பரவாது என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

இனி ஊசி விஷயம். 1970 வாக்கில் வந்த மேரக்ஸ் தடுப்பூசி, புற்றுநோய்க்கு எதிராகப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி. வான்கோழியின் சாதுவான ஹெர்பீஸ் வைரஸிலிருந்து செய்தது. அது கட்டியைத் தடுக்கும், சாவைத் தடுக்கும். தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழியும் வைரஸைச் சுமக்கும், பரப்பும். 2015ல் ஆன்ட்ரூ ரீடும் வேணுகோபால் நாயரும் சேர்ந்த குழு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மிகக் கொடிய ரகங்கள் ஊசி போடாத கோழியைப் பத்து நாளுக்குள் கொன்றுவிட்டன. அதனால் அவை பரவவே நேரமில்லை. ஊசி போட்ட கோழி பிழைத்து, அதே கொடிய ரகத்தை வாரக்கணக்கில் தூவியது. கூட இருந்த ஊசி போடாத கோழிகள் செத்தன.

இதை எடுத்துக்கொண்டு "பார்த்தீங்களா, ஊசிதான் வினை" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. வைரஸ் கொடியதாக மாறியதில் ஊசிக்கும் பங்கிருக்கலாம். ஆனால் ஒரே கூரைக்கடியில் பல்லாயிரம் ஒரே ரகக் கோழியை நெருக்கி, வருஷம் பூரா தொகுதி மேல் தொகுதியாக இறக்குகிற முறை இல்லாமல் அந்த மாற்றம் இந்த வேகத்தில் நடந்திருக்காது. நம்முடைய சண்டை அந்த முறையோடு. ஊசியை மறுத்தால் அடிபடுவது கம்பெனி பண்ணை இல்லை, நம்ம வீட்டுக் குஞ்சுதான். அதே ஆய்வு சொல்வதும் அதுதானே? இயற்கைவழிச் சான்றிதழ் விதிகளும் தடுப்பூசியை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை.

ஆகவே ஒருநாள் குஞ்சு வாங்குகிறவர்கள், "மேரக்ஸ் ஊசி போட்டாச்சா?" என்று பொரிப்பகத்தில் கேட்டு வாங்குங்கள். பொரித்த அன்றே போட்டால்தான் பலன். வைரஸ் உள்ளே போன பிறகு போட்டுப் பயனில்லை. வீட்டில் அடை வைக்கிறவர்களுக்குத்தான் சிக்கல். பத்துக் குஞ்சுக்காக நூற்றுக்கணக்கான டோஸ் உள்ள குப்பியை வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்தில் முடித்தாகவும் வேண்டும். ஒரு ஊரில் ஏழெட்டுப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் முட்டை வைத்தால், குஞ்சுகள் சேர்ந்து பொரியும், ஒரு குப்பி போதும். விதைத் திருவிழாவை ஊர் ஊராக நடத்துகிற இயக்கத்துக்கு இது பெரிய காரியமா என்ன?

தாய்க்கோழியின் இறகுத்தூசியிலேயே வைரஸ் இருக்கலாம். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி முதல் சில வாரம் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். அதனால் குஞ்சுக் கொட்டகையில் பழைய ஆழ்கூளத்தைப் போடாதீர்கள், அது எருக்குழிக்குப் போகட்டும். வளர்ந்த கோழிகள் அடையும் இடத்துக்குத் தள்ளி, காற்று வரும் பக்கமாகக் குஞ்சுகளை வையுங்கள். சிலந்திவலையில் படிந்த தூசியையும் விடாதீர்கள்.

தாய்க்கோழித் தேர்வையும் கவனிக்க வேண்டும். இந்த நோயைத் தாங்கும் திறன் பரம்பரையாக வருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரேண்டல் கோல் சில தலைமுறைத் தேர்விலேயே தாங்கும் வரிசையையும் தாங்காத வரிசையையும் பிரித்துக் காட்டினார். கால் விழுந்த கோழியின் உடன்பிறப்புகளை அடைக்கு முட்டை எடுக்க வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கோழியின் குஞ்சுகள் எத்தனை பொரிந்தன, ஆறு மாசத்தில் எத்தனை மிஞ்சின என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.