ஒழுக்கும் ஒழுக்கமும்

'ஒழுகு' என்னும் ஓரடியினின்று தமிழில் இரு சொற்கள் பிறந்து வழங்குகின்றன. ஒன்று ஒழுக்கு, மற்றொன்று ஒழுக்கம். கூரையினின்று மழைநீர் வடிவதும், இயந்திரத்தினின்று எண்ணெய் கசிவதும் ஒழுக்கு. நெறி பிறழாது நடத்தல் ஒழுக்கம். இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் எண்ணெய் ஒழுக்கைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நகைப்பாரும் உளராவர். ஆயினும், இவ்விரு சொற்களும் ஒரு வயிற்றுப் பிறந்தமை போலவே, வண்டியின் ஒழுக்குக்கும் அதனை உடையவர் ஒழுக்கத்துக்கும் உறவுண்டு என்பது என் துணிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள மரக்காணம். சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இதுவே. பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் எம்மவர் பாத்தி திருத்தி, உவர்நீர் பாய்ச்சி, அடுத்த மழை வருமளவும் உப்பெடுப்பர். அளத்துக்குப் போவார் பலரும் பழைய வண்டிகளிலேயே போவர். புதிது வாங்கப் பொருளின்மை ஒரு காரணம். உப்புக் காற்றில் எவ்வண்டியும் விரைவில் துருவேறும் ஆதலின், புதிதைக் கொணர்ந்து கெடுப்பானேன் என்னும் எண்ணம் மற்றொரு காரணம்.

அப்பழைய வண்டிகளுள் தலைமை பெற்றது புல்லட்டு. இங்கிலாந்து தேயத்து ரெட்டிச்சு நகரத்து நிறுவனத்தோடு கூடி 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் தோன்றிற்று. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், முதலில் அந்நாட்டுறுப்புக்களைக் கொண்டு பூட்டியும், பின்னர் எல்லா உறுப்புக்களையும் இங்கேயே செய்தும் அவ்வண்டியை வெளியிட்டனர். 2008-க்குப் பின்னர் இயந்திரமும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை வந்து, பழைய வார்ப்பிரும்பு இயந்திரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் பழையன இன்றும் எம்மூர்த் தெருக்களில் ஓடுகின்றன. ஓடுமிடமெல்லாம் ஒழுகவும் ஒழுகுகின்றன. கேட்டால், "புல்லட்டு என்றால் ஒழுகத்தானே செய்யும்!" என்பர். இச்சொல்லையே யான் மறுக்க விரும்புகின்றேன். இது வண்டியின் இயல்பைக் கூறும் சொல் அன்று. நமது சோம்பலுக்கு நாம் இட்ட நற்பெயர்.

ஒழுக்கினால் வருந் தீங்கு மூன்று. முதலாவது வண்டிக்கு. எண்ணெய் குறையக் குறைய உறுப்பும் உறுப்பும் உராய்ந்து தேயும். இருநூறு ரூபாய்ச் செலவில் முடியவேண்டியது பல ஆயிரத்தில் வந்து நிற்கும். இரண்டாவது ஓட்டுவோனுக்கு. பின்சக்கரத்து டயரில் எண்ணெய் பட்டால் வளைவிலே வண்டி வழுக்கும். பிரேக்கினுள் புகுந்தால் பிடி நில்லாது. மூன்றாவது நிலத்துக்கு. ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் துகளும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் கலந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் இந்திய அரசு விதிகள் அதனைத் தீங்கு பயக்கும் கழிவுகளுள் வைத்து எண்ணுகின்றன. எம்மூரில் வண்டியை நிறுத்துமிடம் அளத்து வரப்பு. வரப்பின்மேற் சொட்டியது மழையில் எங்கே போகும்? ஒருபுறம் பாத்தி, மறுபுறம் 2021-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்ற கழுவேலி. பாத்தியில் விளைவதோ நாம் நாடோறும் சோற்றிலிட்டு உண்ணும் உப்பு. தன் வண்டி ஒழுகுவது தன் செய்தி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி, ஒழுக்கை நிறுத்துமாறு யாங்ஙனம்? முதற்படி, எங்கே ஒழுகுகிறது என்று அறிதல். இஃது எளிதன்று. எண்ணெய் மேலே கசிந்து, கீழே வழிந்து, ஓடும்போது காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, வேறோரிடத்திற் சொட்டும். சொட்டுமிடம் வேறு; ஊற்றுவாய் வேறு. ஆதலின் இயந்திரம் நன்கு ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு அதனை முற்றக் கழுவித் துடைத்து உலர்த்துக. கழுவிய நீரைத் தட்டில் ஏந்திக்கொள்க. பின்னர் ஐயத்துக்குரிய இடங்களில் முகத்துக்கிடும் பௌடரையோ சுண்ணக்கட்டித் தூளையோ தூவி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்க்க. வெண்பொடி முதலில் எங்கே நனைந்து கறுக்கின்றதோ அதுவே ஊற்றுவாய். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் எத்துணைச் சொட்டு, எப்பக்கத்தது என்பது தெரியவரும்.

பழைய புல்லட்டில் எண்ணெய் இருக்குமிடம் ஒன்றன்று, மூன்று: இயந்திரம், கியர்ப் பெட்டி, இடப்புறத்துச் செயின் மூடி. எதனுடைய எண்ணெய் என்றறியாமல் எல்லாவற்றையும் இறுக்குதல், எப்பல் வலிக்கின்றது என்று கேளாமல் எல்லாப் பல்லையும் பிடுங்குதல் போலாம். செயின் மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டுத் தாங்கிநிற்கின்றது. ஒழுகுகிறதென்று அதனை மேன்மேலும் முறுக்கினால் மூடி கோணி, முன்னினும் மிகுதியாக ஒழுகும். அதனுள் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவோரும் பலர். அளவு காட்டுதற்கென்றே அம்மூடியில் ஒரு திருகாணி இருப்பதை அவர் அறியார்.

இரண்டாம்படி, பழுதான இணைப்பைப் புதுக்குதல். சிலிண்டரின் அடியிலுள்ள டாப்பெட்டு மூடி, எண்ணெய் வடிக்கும் திருகுகள், மேலே எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயின் முனைகள் ஆகிய இவையே பெரும்பாலும் ஒழுகுமிடங்கள். மூடியின் கேஸ்கெட்டையும் திருகுகளின் வாசரையும் மாற்றினாலே பெரும்பாலன நின்றுபோம். பழைய கேஸ்கெட்டை உரிக்கும்போது எஃகுத் தகட்டாற் சுரண்டலாகாது. அலுமினியம் மெல்லியதாதலின் கீறல் விழும், கீறலே புதிய ஒழுக்குக்கு வழியாகும். மரச்சிம்பு போதும். எம்மூர்க் காற்றில் திருகுகள் துருவால் இறுகிக் கிடக்குமாதலின், முதல்நாள் மாலையே துருநீக்கும் எண்ணெயிட்டு, மறுநாட் காலையில் கழற்றுவது நலம். பூட்டுங்கால் ஒன்றுக்கொன்று எதிரான போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்குக. குழாய் முனையிலுள்ளவை உள்ளே துளையுடையன; மிகுதியாக இறுக்கினால் முறிந்துபோம். பசையை அளவின்றி அப்புதலும் கேடே. பிதுங்கிய பசை உள்ளே சென்று எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

என் பெரிய தந்தையார் 1984-இல் வாங்கிய புல்லட்டு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. நாடோறும் அளத்துக்கு அதிலேயே போய்வருவார். அதன் ஒழுக்கை நிறுத்தப் பட்டறை ஒன்றில் இருமுறை கேஸ்கெட்டு மாற்றிப் பசையும் பூசினர். இரண்டு திங்களில் மீண்டும் ஒழுகிற்று. கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் முற்றத்தில் அமர்ந்து பொடி தூவிப் பார்த்தோம். ஓரிடத்தினின்றன்று, மூன்று நான்கு இணைப்புக்களினின்றும் ஒருங்கே கசிந்தது. அப்பொழுதுதான் பெரிய தந்தையார், "இது மூச்சடைத்துக் கிடக்கிறதடா, தம்பி" என்றார். பிஸ்டன் கீழிறங்குந்தோறும் இயந்திரத்தின் அடிக்கூட்டிலுள்ள காற்று வெளியேற வேண்டும். அதற்கென ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதன் ரப்பர் வாய் வெயிலிலும் உப்பிலும் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. வெளியேற வழியற்ற காற்று எண்ணெயை இணைப்புத்தோறும் பிதுக்கிற்று. அவ்வாயை மாற்றியதும் மூன்றிடத்து ஒழுக்கு நின்றது. எஞ்சிய ஒன்றை ஒரு புதிய வாசர் நிறுத்திற்று. நோயின் முதலை நாடாமல் புண்ணின் மேற் பூச்சிடுவதால் பயனில்லை என்பதை இதனினும் நன்கு விளக்கும் பாடத்தை யான் கண்டதில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று யான் கூறவில்லை. அடிக்கூட்டின் இரு பாதிகளும் கூடுமிடத்திலோ, கிராங்கின் ஆயில் சீலிலோ ஒழுக்கு உண்டாயின், இயந்திரத்தைப் பிரித்தல் வேண்டும். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. தன் எல்லையை அறிதலும் தொழிலறிவின் பாற்பட்டதே. ஆயினும் காரணத்தை ஆராய்ந்தறிந்து அவரிடஞ் செல்வோனுக்கும், "என்னவோ ஒழுகுகிறது" என்று செல்வோனுக்கும் வேறுபாடு மிகவுண்டு.

இங்கே இரண்டு தடைகள் எழலாம். ஒன்று, "நாமே செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்பது. வாசர் மாற்றும் கூலியால் எவரும் பிழைப்பதில்லை. கவனிப்பாரற்று இயந்திரமே கெட்டு, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போனால்தான் அவர் பிழைப்புக் கெடும். மற்றொன்று, "பழையனவற்றை ஒழித்தலன்றோ காற்றுக்கு நல்லது?" என்பது. இதில் உண்மை உண்டு. 15 ஆண்டு கடந்த தனியார் வண்டி தகுதி காட்டியே பதிவைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது சட்டம். அது தக்கதே. புகை கக்கித் திருந்தாத வண்டி போகட்டும். ஆனால், தகுதியுள்ள வண்டியையும் பேணாமையாற் கெடுத்துப் பின் அதன் முதுமையின்மேற் பழிபோடுவது அறமாகாது. மேலும், அளத்திலே கூலிக்கு உழைப்போன் ஒருவனுக்குப் புதியது வாங்கென்று அறிவுரை கூறுதல் எளிது. வாங்கிக் கொடுப்பார்தாம் இல்லை.

வண்டி பேணுதல் நம்மவர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 102-ஆம் பாட்டிலே ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழுங்கால், உப்பு வாணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிச்செல்லும் சேம அச்சினை அவனுக்கு உவமையாக்கினார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுதற்கென்று மற்றோர் அச்சை உடன்கொண்டு சென்ற முன்னறிவு அவர்களுடையது. வழியில் தம் வண்டியைத் தாமே செப்பஞ் செய்யவும் அவர்கள் அறிந்திருந்தனர் என்பது சொல்லாமலே போதரும். அப்பாட்டுக்கு உரையெழுதி மதிப்பெண் பெறும் நாம், நமது வண்டியின் அடியிலே குனிந்து பார்க்க நாணுகின்றோம். கையிற் கறை படிதல் கல்விக்கு இழுக்கென்று எண்ணுகின்றோம். ஏட்டிலே சேம அச்சை வியந்து, வீட்டிலே ஸ்பானரைத் தொடாதிருத்தல் என்ன கல்வி?

ஆகலின் நமது கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். விடுதியின் பின்புறத்தில் ஒரு சிறு கொட்டகையும், ஒரு தொகுதி ஸ்பானர்களும், கழிவெண்ணெய் சேர்க்க ஒரு பீப்பாயும் போதும். சனிக்கிழமை மாலைதோறும் மெக்கானிக்கு ஒருவரைத் தக்க ஊதியம் தந்து அழைத்து, மாணவரும் ஆசிரியரும் அவரிடம் கற்கலாம். பீப்பாய் நிறைந்ததும் உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம். பழைய மாணவர் சிலர் மனம் வைத்தால் இவ்வாண்டே இது கைகூடும். அதுவரையில் நண்பர் ஒவ்வொருவரும் இன்றிரவே தத்தம் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைப்பாராக. காலையில் அதில் ஒரு சொட்டுக் காணினும், அதன் காரணத்தைத் தேடுதல் அவர் கடன்.

— இரண்டாம் ஆண்டுத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன்