கரிசல் மண்ணும் மரபணுக் கத்தரியும்

புரட்டாசியில் மேகம் திரண்டால் கோவில்பட்டிப் பக்கம் எல்லாருடைய பேச்சும் விதையைப் பற்றித்தான். வானம் பார்த்த கரிசல் பூமி இது. பெய்கிற மழைக்குள் முளைத்து, நிற்கிற ஈரத்தில் காய்த்தாக வேண்டும். அந்த விதைப் பேச்சில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'பி.டி.' என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்துகொண்டுள்ளன. மரபணு மாற்றம் கடவுளின் படைப்பில் கைவைக்கும் பாவம் என்கிறார்கள் நம்மில் சிலர். வேறு சிலர் அது பசியைத் தீர்க்கும் அற்புதம் என்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்வதானாலும், ஆய்வுக்கூடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பாக்டீரியா என்னும் நுண்ணுயிர், தன்னைத் தாக்கும் வைரசின் மரபுப்பொருளைத் துண்டாக்க ஒருவகை நொதியை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டுமே அது வெட்டும். இதுதான் கத்தரி. இதைக் கண்டுபிடித்து ஆராய்ந்த மூவருக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டியதை ஒட்டுவதற்கு வேறொரு நொதி உண்டு. ஒட்டிய துண்டைச் சுமந்து செல்ல, பாக்டீரியாவுக்குள் இருக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையம். கத்தரி, பசை, வண்டி ஆகிய இம்மூன்றும்தான் அடிப்படைக் கருவிகள். நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இவற்றால் வந்ததே. முன்பு பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்ததை, 1982 முதல் மனித மரபணு செருகிய நுண்ணுயிரே செய்து தருகிறது. அதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை.

பருத்திக்கு வருவோம். மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற பாக்டீரியா ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடலைத் துளைத்துப் புழுவைக் கொல்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை வெட்டியெடுத்து, செடிகளுக்குள் தன் மரபணுவைச் செலுத்தும் இயல்புள்ள அக்ரோபாக்டீரியம் வழியாகப் பருத்திச் செல்லுக்குள் அனுப்பினார்கள். பிறகு அந்தச் செல்லைத் திசு வளர்ப்பில் முழுச்செடியாக்கினார்கள். எல்லாப் பருத்தியும் இதற்கு இணங்குவதில்லை. 'கோக்கர் 312' என்ற அமெரிக்க ரகம் எளிதில் இணங்கியது. அதில் ஏற்றிய மரபணுவைத்தான் ஒட்டுக்கட்டி இந்தியக் கலப்பினங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2002 மார்ச் மாதம் நடுவண் அரசு அனுமதி வழங்கியபோது தமிழகமும் அதில் அடங்கியிருந்தது.

இங்கேதான் நம் ஊர்க் கதை வேறாகிறது. கரிசலின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதில் 'கே' வரிசை ரகங்களைத் தந்துள்ளது. கருங்கண்ணிக்குக் குரோமோசோம்கள் 26. அமெரிக்க இனத்துக்கோ 52. இரண்டையும் ஒட்டினால் பிறப்பது பெரும்பாலும் மலடு. ஆகவே அந்த மரபணு கருங்கண்ணிக்குள் எளிதாக வந்து சேர வழியில்லை.

மற்றொன்றும் உண்டு. உலகில் பி.டி. பருத்தி விளைந்த பெரும்பாலான நாடுகளில் அது சாதாரண ரகமாக வந்தது. நம் நாட்டிலோ ஏறத்தாழ முழுவதும் வீரிய ஒட்டு விதையாக வந்தது. ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போகவேண்டும். தொடக்கத்தில் 450 கிராம் பொட்டலம் சுமார் 1,600 ரூபாய். மழை பொய்த்துவிட்டால் அது மண்ணோடு போயிற்று. விதையைச் சேமித்துக்கொள்ளும் உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் சேமித்துப் பயனில்லாத விதைக்கு அந்த உரிமை எதற்கு? அரசு ஆய்வு நிறுவனங்களே உருவாக்கிய, சேமிக்கக்கூடிய 'பிகானேரி நர்மா' பி.டி. ரகம் 2009-இல் விற்பனைக்கு வந்து அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. தனியார் நிறுவனத்தின் மரபணு அதில் இருந்தது பின்னர் தெரியவந்தது. நமக்கு இதுவே பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

புழுவும் சும்மா இருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழு மருந்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் 2010-இல், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. மரபணுவுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதை மான்சாண்டோ நிறுவனமே அறிவித்தது. 2006-இல் வந்த இரண்டு மரபணு விதையையும் சில ஆண்டுகளில் அந்தப் புழு வென்றுவிட்டது. வயலோரம் புகலிடமாக விதைக்கக் கொடுத்த 120 கிராம் சாதாரண விதையைப் பலர் விதைக்காததும் ஒரு காரணம். இருக்கிற கையளவு நிலத்தில் புழுவுக்கு யார் பங்கு ஒதுக்குவார்கள்? சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, வெள்ளை ஈக்களை இந்தப் புரதம் தொடுவதேயில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், மரபணு மாற்றம் குறித்துப் பொதுவான ஒரே தீர்ப்புச் சொல்வது கடினம் என்றார். அதேவேளையில், சில பகுதிகளில் நிலம் சிலர் கையில் குவிவதையும் சிறு உழவர் மறைந்துபோவதையும் கவலையோடு சுட்டிக்காட்டினார். கத்தரியைவிட, அது யார் கையில் இருக்கிறது என்பதையே அவர் பார்த்தார்.

இப்போது கிரிஸ்பர் என்ற புதிய கத்தரி வந்திருக்கிறது. அயல் மரபணுவைச் செருகாமலே, செடியின் சொந்த மரபணுவைத் திருத்தும் கருவி இது. 2022-இல் இத்தகைய பயிர்களுக்கு விதிகளைத் தளர்த்திய நடுவண் அரசு, 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்று வறட்சியையும் உவர்மண்ணையும் தாங்கும் நோக்கில் உருவானது. இரண்டும் அரசு நிறுவனங்களின் படைப்பு, இரண்டும் ரகங்களே. ஆனால் கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் உள்ளன. நாளை இதே வழியில் கரிசலுக்கும் ஒரு விதை வரலாம். அப்போது நம் உழவர் விதைக்கடையில் முதலில் கேட்கவேண்டியது விலையை அன்று: "இது ரகமா, ஒட்டா? அடுத்த புரட்டாசிக்கு இதிலிருந்து எடுத்து வைக்கலாமா?"