புழுவும் தேர்ந்தே உண்ணும்

தொட்டறிவது முதலறிவு, சுவைத்தறிவது இரண்டாம் அறிவு, மோந்தறிவது மூன்றாம் அறிவு என உயிர்களை வரிசைப்படுத்தினார் தொல்காப்பியர். கண்ணும் செவியும் இல்லாத நூற்புழுவுக்கும் அவ்வரிசையில் மூன்றாம் படி உண்டு என்கின்றன இன்றைய ஆய்வுகள்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் நூற்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது; அதன் நரம்புச் செல்கள் 302 மட்டுமே. மட்கும் தழைகளிலும் அழுகும் பழங்களிலும் உள்ள பாக்டீரியாக்களே அதன் உணவு. சிட்னி பிரென்னர் 1974-இல் இதன் மரபியலை வெளியிட்டது முதல் உலக ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இது இடம்பெற்றுவிட்டது.

கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணி அன்று இது. பெரிய செல்களையுடைய பாசில்லஸ் மெகடீரியத்தை விழுங்க இப்புழு திணறும். முன்பு நல்லுணவை உண்டு பழகிய புழு அதனை விட்டு நீங்கி வேறிடம் தேடும் என்று 2006-இல் ஷ்டோண்டா, ஏவரி இருவரும் கண்டனர். நோய் தந்த பாக்டீரியாவின் மணத்தை நினைவில் வைத்து விலகும் என 2005-இல் கார்னீலியா பார்க்மன் குழுவினர் காட்டினர். சூடோமோனாஸ் ஏருஜினோசா வெளியிடும் 1-அன்டெசீன் என்ற பொருளை மோந்த அளவிலேயே புழு விலகுவதையும், அதன் நோயெதிர்ப்பு விழித்துக்கொள்வதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வர்ஷா சிங் குழுவினர் 2021-இல் வெளியிட்டனர்.

நமக்கோ, நூற்புழு என்றால் ஃபார்மலின் குப்பியில் கிடக்கும் அஸ்காரிஸ்தான்! படம் வரைகிறோம், பாகங்களைக் குறிக்கிறோம். உயிரோடிருந்தபோது அது எதை நாடியது, எதை வெறுத்தது என்ற வினா நம் மனத்தில் எழுவதே இல்லை.

அரசுக் கல்லூரியில் இதற்கெல்லாம் வசதி ஏது என்பர் சிலர். வேண்டுவன அகார் தட்டுகளும், தீங்கற்ற பாக்டீரியா இரண்டும், ஒரு நுண்ணோக்கியுமே. தட்டின் இருபுறமும் இரண்டையும் வளர்த்து, நடுவில் புழுக்களை விட்டு, சில மணி நேரம் கழித்து எண்ணினால் போதும். சுமார் 20 டிகிரி வெப்பத்தில் செழிக்கும் எலிகன்ஸ் நம் கோடையைத் தாங்காது என்பது மெய்யே. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மண்ணில் இந்த வெயிலுக்குப் பழகிய நூற்புழு இனங்கள் இருக்கின்றனவே! அவை எதை விரும்பி உண்ணும் என்பதற்கு நம் பாடநூலில் விடையில்லை. விடை தெரியாத வினாவை ஆராய்வதன்றோ அறிவியல்?

தேர்ந்துண்ணும் உயிரைத் தேர்வுக்காக மட்டும் படிப்பது தகுமா? வரும் கல்வியாண்டில் ஒரு செய்முறை வகுப்பையேனும் இதற்கென ஒதுக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும். மண் கொண்டுவர மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.