புதுமண்டபத்துத் தையற்காரர்

மதுரைக்குப் போய் வருகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்ததையும் பொற்றாமரைக் குளத்தில் கால் நனைத்ததையும் சொல்வார்கள். அரசியல் கூட்டத்தில் பேசப் போனவர்கள், எவ்வளவு ஜனங்கள் திரண்டார்கள் என்பதைச் சொல்வார்கள். கீழக் கோபுரத்துக்கு எதிரே, கல்யாளியின் காலடியில் தையல் யந்திரத்தைப் போட்டுக்கொண்டு, அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குச் சல்லடம் தைத்துக் கொண்டிருந்த மனிதரைப் பார்த்தோம் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. இனி அப்படிச் சொல்லவும் வழியில்லை. அவர் அங்கே இல்லை. ஆகவே அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

புதுமண்டபம் பெயரளவில்தான் புதிது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்று கட்டுவித்தது அது. சுமார் 333 அடி நீளம். தூணுக்குத் தூண் சிற்பம். நாயக்க மன்னர்களே கைகூப்பி வரிசையாக நிற்கிறார்கள். இத்தகைய இடத்திற்குள் பல தலைமுறைகளாகக் கடைகள் நடந்து வந்தன. பித்தளைப் பாத்திரம் ஒரு பக்கம், வளையல் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் புத்தகமும் சோதிடப் புத்தகமும் மற்றொரு பக்கம். கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்த கிராமத்தார் ஒரே மண்டபத்துக்குள் சுற்றி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போனார்கள். இவையெல்லாம் வேறெங்கும் கிடைக்கும் சரக்குகள்தாம். எளிதில் வேறெங்கும் கிடைக்காதது அங்கே நடந்த தையல் வேலை.

தேரின் நாற்புறமும் தொங்குகிறதே, தொம்பை என்னும் துணிக்குழல், அதைப் பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். யார் தைத்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள். சிவப்புத் துணியின் மேல் மஞ்சளையும் பச்சையையும் வெட்டி வைத்து, பூவும் கொடியும் தோன்றும்படி தைப்பது அந்த வேலை. சுவாமிக்கு வஸ்திரம், யானைக்கும் மாட்டுக்கும் போர்வை, குடைக்குத் தொங்கல், இவ்வளவும் அவர்கள் கையில் உருவாயின. சித்திரை மாதம் நெருங்கினால் நேர்த்திக்கடன்காரர்கள் வந்து சேர்வார்கள். திரியெடுப்பவருக்கு ஒருவித உடை. துருத்தியில் நீர் நிறைத்து அழகர்மீது தெளிப்பவருக்கு ஒருவித உடை. சாட்டைக்காரருக்கு இன்னொரு விதம். உடம்பின் அளவை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வந்தவர் எந்த வேஷம் எடுக்கிறார், அதற்குக் கச்சை எப்படி, உருமால் எப்படி என்பதெல்லாம் தைப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இதை எந்தப் பாடசாலையும் கற்றுக்கொடுப்பதில்லை. இப்படித் தைத்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. ஹிந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசும் நம்மவர்கள், அழகர் பக்தனுக்கு முஸ்லிம் தையற்காரர் சல்லடம் தைத்துக் கொடுத்த காட்சியை ஒரு நாளாவது நின்று பார்த்தார்களா?

1918-ஆம் வருஷத்து விஷயமல்ல, நாம் சொல்லப் போவது. நேற்று நடந்தது போன்றதுதான். 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல்லே வெடித்து விழுந்தது. கோயிலைச் சார்ந்த மண்டபங்களுக்குள் கடைகள் கூடாதென்ற அபிப்பிராயம் அதன்பின் வலுப்பட்டது. அடுத்து வந்த வருஷங்களில் புதுமண்டபத்துக் கடைகளும், குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சியார் கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன.

இம்மாற்றத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் சிற்பங்கள் மறைந்து கிடந்தது நாட்டுக்கு வெட்கக்கேடு. துணிக்குவியலுக்கிடையே ஒரு நெருப்புப்பொறி விழுந்திருந்தால் மண்டபமும் போயிருக்கும், தையற்காரரும் போயிருப்பார். ஆனால் கல்லைக் காப்பாற்றியதோடு காரியம் முடிந்துவிட்டதென்று அதிகாரிகள் எண்ணினால் அது பெரும் பிசகு. பாத்திரக் கடைக்காரர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். கோயில் வாசலில் இருந்ததனாலேயே தேடிவரப்பட்ட தொழிலாளியின் நிலைமை அப்படியல்ல. மாடிப்படி ஏறும் வாடிக்கைக்காரர் குறைவு என்பது வியாபாரம் தெரிந்த எவரும் அறிந்ததே. தகப்பனார் வேலையில் வருமானம் குறைந்தால் மகன் வேறு வேலைக்குப் போவான். அப்புறம் தொம்பை தைக்கத் தெரிந்தவரைத் தேடி எந்த ஊருக்குப் போவது?

சுங்குடியின் கதை நமக்கு ஓர் எச்சரிக்கை. சௌராஷ்டிரப் பெண்கள் துணியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளை நூலால் கட்டி, சாயத்தில் தோய்த்து, புள்ளி புள்ளியாக எடுத்த சேலை அது. 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி முடிச்சையே காணாமல் அச்சில் புள்ளியிட்ட துணி. பெயர் தங்கிவிட்டது, கை வேலை சுருங்கிவிட்டது.

மதுரையின் வீதிகளை நடந்து பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி மாதங்களின் பெயரால் வீதிகள். வெண்கலக்கடைத் தெரு என்ற பெயரே அத்தெருவின் தொழிலைச் சொல்லுகிறது. பத்துத்தூண் சந்தில், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, நாயக்கர் அரண்மனையில் எஞ்சிய தூண்கள் தலைக்குமேல் நிற்கின்றன. சேலை வாங்குகிறவர்கள் அவற்றை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான், 1921 செப்டம்பர் 22-ந் தேதி, காந்தியடிகள் தமது உடையைக் களைந்து முழங்காலளவு துணியோடு வெளிவந்தார். அவ்வீட்டைத் தேடிப் போய் வணங்குகிற நம்முடைய தொண்டர்கள், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து, இன்றும் துணியை வைத்தே ஜீவிக்கும் கைத்தொழிலாளியின் கடைக்கும் போகவேண்டாமா? நாமும் குற்றவாளிகளே. பல தடவை மதுரைக்குப் போயும், மண்டபத்தில் தையல் யந்திரத்தின் ஓசை கேட்ட காலத்தில் ஒரு வரிகூட எழுதினோமில்லை.

மாநகராட்சியாரும் அறநிலையத் துறையாரும் செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. கோயில் தையல் வேலை செய்கிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்தபடி, ஒரே வரிசையாக இடம் கொடுக்கட்டும். அவர்களுடைய வாடகையைப் பாத்திரக் கடையின் வாடகையோடு ஒப்பிடாதிருக்கட்டும். புதுமண்டபத்து வாசலில், தைப்பவர்கள் இன்ன இடத்தில் இருக்கிறார்கள் என்று பெரிய எழுத்தில் பலகை வைக்கட்டும். கோட்டையை இடித்த பிளாக்பர்ன் துரைக்கு விளக்குத்தூண் நாட்டிய ஊர் அது. தையற்காரருக்கு ஒரு மரப்பலகை நாட்ட முடியாதா? மாகாணத்துக் கோயில்களுக்கு வேண்டிய தொம்பைகளையும் குடைகளையும் நேரே இவர்களிடமே தைக்கச் சொல்லிப் பணத்தைத் தாமதமின்றிக் கொடுக்கவும் துறையாரால் முடியும். சித்திரைத் திருவிழாவுக்கான வேலை மாசியிலேயே துவங்கிவிடுகிறது. இவற்றைத் தை மாதத்துக்குள் செய்து முடிக்கவேண்டும்.