சால்வைக்கு வட்டி கிடையாது

எனக்குச் சொந்த ஊர் ஆனைகட்டிங்க. கோயம்புத்தூரிலிருந்து முப்பது கிலோமீட்டர். ஊருக்குள் ஓடும் பள்ளத்தைத் தாண்டினால் கேரளா, அட்டப்பாடி. பி.காம். முடித்து வங்கி வேலைக்கு வந்தவன், இப்போது மஸ்கட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

2024 மே மாதம் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த அக்கா அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்த கொஞ்ச வருஷத்திலேயே வேலைக்கு வந்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் சோத்தக்காதான்.

யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று மணி அடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். மத்தியானம் அந்தத் தட்டில் இன்னொரு கரண்டி விழும். கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். பக்கத்துப் பையனுக்குக்கூடத் தெரியாது. நானும் அந்தத் தட்டை ஏந்தியவன்தான். கல்லூரியிலும் வங்கியிலும் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதவே தைரியம் வந்திருக்கிறது.

செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் விழாத் திட்டம் தயார். ஃப்ளெக்ஸ், சந்தன மாலை, வெள்ளிக் குத்துவிளக்கு, ட்ரோன் கேமரா. உத்தேசம் அறுபத்தெட்டாயிரம் ரூபாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அக்காவுக்கு இனிமேல் மாசம் என்னங்க வரும்?"

குழுவில் சத்தமே இல்லை. ராத்திரி ஒருத்தர் விசாரித்துச் சொன்னார். சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். 2017-இல்தான் 1,500-லிருந்து அவ்வளவு ஆனதாம்.

நாம் பாராட்டுவதில் கஞ்சத்தனமே காட்டுவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டம் அம்பூரிப் பக்கம் குன்னத்துமலையில் உஷாகுமாரி டீச்சர் என்று ஒருவர். படகேறி, மலையேறிப் போய் ஆதிவாசிக் குழந்தைகளுக்கு ஒற்றை ஆசிரியர் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார். பத்திரிகைகள் கொண்டாடின. 2022-இல் அரசு அந்தப் பள்ளிகளை மூடியபோது அவருக்குக் கிடைத்தது, பேரூர்க்கடையில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை. துடைப்பம் பிடிப்பது கேவலமில்லை. ஆனால் அத்தனை பாராட்டும் சேர்ந்து அவருடைய முதுமைக்கு ஒரு உத்தரவாதம் தரவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

என் கட்சி இதுதான். ஓய்வு பெறுகிறவர் மாதச் சம்பளமும் முழுப் பென்ஷனும் உள்ளவர் என்றால் மாலை போடுங்கள், போதும். ஆயாம்மா, சமையலக்கா, காவல்காரர் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள், அப்புறம் மாலை வாங்கலாம்.

கணக்கு பெரிய வித்தையில்லை. அறுபது வயதானவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் இருக்கிறது. 2024-இல் வட்டி 8.2 சதவீதம். மூன்று லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 6,150 ரூபாய். அதாவது மாதம் 2,050. அக்காவின் வருமானம் இரண்டு மடங்கு! ஐந்து வருஷம் கழித்து அசல் அப்படியே அவர் கையில்.

இன்னொன்று. உறவல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் வருமானமாகத்தான் சேரும். ஆனால் இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு வரி வராது, பயப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருப்பவர்கள் வங்கி வழியாகவே அனுப்புங்கள், உண்டியல் வேண்டவே வேண்டாம். மேடையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மறுநாளே கடன் கேட்க ஆள் வரும்.

"பணம் கொடுத்தால் அவரைக் கேவலப்படுத்துகிற மாதிரி ஆகாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொரு கரண்டி சோற்றை அவர் எப்படிப் போட்டாரோ அப்படியே கொடுப்போம் என்றேன். யாருக்கும் தெரியாமல். "இது அரசாங்கம் செய்ய வேண்டியதல்லவா?" என்றார் இன்னொருவர். ஆமாம், அதற்கும் குரல் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அக்காவுக்கு அடுத்த மாதமே அரிசி வாங்கணுமே.

ட்ரோனும் குத்துவிளக்கும் போயின. மூன்று லட்சம் சேர்ந்தது. கணக்கு அக்கா பெயரில், வாரிசு அவர் சொன்னபடி. மேடையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

விழாவை வீடியோவில்தான் பார்த்தேன். பந்தியில் அக்காவை உட்கார வைத்து எங்கள் ஆட்கள் பரிமாறினார்கள். அவரால் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்துபோய், கடைசி வரிசையில் ஒரு பையன் இலையில் சோறு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

உங்கள் பள்ளியிலும் ஒரு சோத்தக்கா இருந்திருப்பார். அவர் ஓய்வு பெறும்போது ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், அவருக்கு இனிமேல் மாசம் என்ன வரும் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.