கார் காட்டிய இலக்கம்

சித்திரை மாதத்து நண்பகலொன்றில், யாழ்ப்பாணத்து வெயில் வீதித் தாரை இளக்கிக்கொண்டிருந்த வேளையில், எமது கார் தன் இயந்திரம் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையில் உறைந்து கிடப்பதாக எண்ணிக்கொண்டிருந்தது. (செல்சியசா, பரனைற்றா என மாணாக்கர் வினவ வேண்டியதில்லை, அவ்விரு அளவைகளும் ஒன்றாகும் இடம் அதுவே.) முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புகைக்குழாயிற் பெற்றோல் நெடி வீசியது. குளிர்ந்த இயந்திரத்துக்கு வேண்டிய பெற்றோலைக் காரின் கணினி வாரி இறைத்ததோடு, வெப்பநிலையை நம்பமுடியாத நிலையிற் பாதுகாப்புக்காக றேடியேற்றர் விசிறியையும் ஓயாது சுழலவிட்டிருந்தது.

கராஜில், ஓட்டுநரின் முழங்காலருகே உள்ள 16 முனைப் பொருத்தியிற் கருவியை மாட்டினர். பி-0118 என்னும் இலக்கம் தோன்றியது. 'நீரின் வெப்பநிலையை அறியும் உணரி பழுது' எனத் தீர்ப்பளித்துப் புதியதொன்றைப் பூட்டினர். விளக்கு அணைந்தது, மறுநாட் காலை கல்லூரி வாயிலை அடையுமுன் மீண்டும் எரிந்தது. இம்முறை கணினியையே மாற்றவேண்டும் என்றனர். அதன் விலை எமது இரண்டு மாதச் சம்பளம். அன்றிரவு வீட்டிற் காரை விற்றுவிடும் பேச்சும் எழுந்தது.

எம்மிடம் முன்னர் பயின்று, இப்போது கார் மின்வேலை செய்யும் இளைஞரொருவர் செய்தியறிந்து வந்தார். “சேர், இந்த இலக்கம் உணரி பழுதென்று சொல்லவில்லை. உணரிச் சுற்றில் வோல்ற்றளவு கூடிவிட்டது என்றுதான் சொல்கிறது. யாராவது அளந்து பார்த்தார்களா?” என்றார். இருபது ஆண்டுகளாக ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதிவரும் நாம் விடையின்றி நின்றோம்.

இத்தகைய பொது இலக்கங்களும் பொருத்தியும் அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்டவை. வெப்பநிலை உணரி என்பதோ சூடேறத் தடை குறையும் ஒரு சிறு பொருளேயாம். பல கார்களில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். கணினி 5 வோல்ற்றை ஒரு தடையினூடாக அனுப்பி, உணரியில் எஞ்சும் வோல்ற்றளவைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கின்றது. கம்பி எங்கேனும் அறுந்தால் 5 வோல்ற்றும் அப்படியே நிற்கும்; கணினி அதனைக் கடுங்குளிர் என்றே கொள்ளும்.

இளைஞர் உணரியின் பொருத்தியைக் கழற்றி, சாவியைத் திருப்பி, மீற்றரை வைத்தார். ஒரு கம்பிக்கும் காரின் உடலுக்கும் இடையே 5 வோல்ற். அதே கம்பிக்கும் மற்றக் கம்பிக்கும் இடையே ஒன்றுமில்லை. ஆகவே திரும்பிச் செல்லும் கம்பியே அறுந்திருந்தது. பின்னர் 5 வோல்ற்றுக் கம்பியைச் சிறு கம்பித் துண்டொன்றால் இயந்திர உடலோடு தொடுத்தார். கருவித் திரையில் 40 பாகைக் குளிர் மறைந்து, கொதிநிலைக்கும் மேலான வெப்பம் காட்டியது. கணினி நலமாயிருந்தது. இரண்டு மாதச் சம்பளமும் தப்பியது.

அக்கம்பியைப் பகிரும் ஏனைய உணரிகள் ஒழுங்காக இயங்கியமையால், அறுந்த இடம் அண்மையிலேயே இருத்தல் வேண்டும். கம்பிகளை மெல்ல அசைத்துக்கொண்டே சென்றார். பொருத்தியிலிருந்து ஒரு சாண் தொலைவிற் சுட்டிய எண் துள்ளியது. உறையைச் சீவியபோது உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகி உதிர்ந்தது. உறையில் ஓர் ஊசித்துளை! முன்னெப்போதோ எவரோ சோதிப்பதற்காகக் குத்திவிட்டு மூடாமற் சென்ற துளைவழியே ஈரம் புகுந்திருக்கின்றது. மின்வேலையில் இதனைவிட வெறுக்கத்தக்க சோம்பல் இல்லை என்பது எமது கருத்து.

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் செம்பு பளபளக்கும் இடம்வரை இருபுறமும் வெட்டி, புதுக் கம்பி இணைத்து, ஈயம் பற்றவைத்து, சூட்டிற் சுருங்கும் குழாயால் மூடினார். அரைமணி நேர வேலை. இலக்கத்தை அழித்து இயந்திரத்தை இயக்கியபோது திரை 33 பாகையிலிருந்து படிப்படியாக ஏறியது. 95 வரை விசிறி அசையவில்லை.

கராஜிற் கழற்றிய பழைய உணரியையும் அளந்தார். பழுதேதுமில்லை. அதனை நாம் எறியவில்லை. பனிக்கட்டியும் ஒரு கேத்தல் வெந்நீரும் மீற்றருமாக, வரும் புதன்கிழமை வகுப்புக்கு எடுத்துச்செல்கின்றோம்.